54க்கு 52: 1993 கனடா தேர்தலும் பிரெஞ்சு–ஆங்கில விரிசலும்

1993 அக்டோபர் 25. கனடா மக்களவையின் 295 தொகுதிகளுக்கும் வாக்கு எண்ணி முடித்தபோது, ஒன்பது ஆண்டுகள் ஆண்ட முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சியிடம் மிஞ்சியவை இரண்டே இடங்கள். கியூபெக்கின் ஷெர்புரூக்கில் ழான் ஷாரே, நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜானில் எல்சி வேய்ன். பிரதமர் கிம் கேம்பல் வான்கூவரில் தன் சொந்தத் தொகுதியையே பறிகொடுத்தார். லிபரல் கட்சி 177 இடங்களுடன் ஆட்சிக்கு வந்தது.

ஆளுங்கட்சி தோற்பது எங்கும் நடப்பதுதான். விசித்திரம் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தது. கியூபெக்கைக் கனடாவிலிருந்து பிரிப்பதே குறிக்கோள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிளாக் கெபெக்வா, 54 இடங்களுடன் அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆனது. கியூபெக்குக்கு வெளியே அது ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. அதற்கு அடுத்து 52 இடங்களுடன் ரிஃபார்ம் கட்சி. கியூபெக்குக்குள் அது ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. மரபுப்படி அன்று எதிர்க்கட்சிக்கு 'மாட்சிமை தங்கிய அரசியாரின் விசுவாசமான எதிர்க்கட்சி' என்று பெயர். அந்தப் பட்டம் பிரிவினைக் கட்சியிடம் போய்ச் சேர்ந்தது.

'மொழிச் சண்டை ஆளுங்கட்சியை விழுங்கிவிட்டது' என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்த வரி போதாது. கனடாவில் மொழிப் பிளவு தேர்தலில் தெரிவது பழைய கதை. முதல் உலகப் போரின்போது கட்டாய ராணுவச் சேவையை முன்வைத்து 1917இல் நடந்த தேர்தலில், கியூபெக்கின் 65 இடங்களில் 62 லோரியேவின் லிபரல் கட்சிக்குப் போயின. ஆங்கிலக் கனடாவின் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் நின்றது. ஆனால் அந்த 62 இடங்களும் நாடு முழுக்கப் போட்டியிட்ட ஒரு கட்சியிடம்தான் இருந்தன. 1993இல் நடந்தது வேறு. தனித்தனியே தீர்த்திருக்கக்கூடிய குறைகளை எல்லாரும் ஒப்பினால்தான் செல்லும் ஒரே பொட்டலமாகக் கட்டி, அதற்குக் கெடுவும் வைத்தார்கள். பொட்டலம் அவிழ்ந்து சிதறியதைத் தொகுதிக் கணக்கு பல மடங்கு பெருக்கிக் காட்டியது.

இருமொழி நாடு என்றால் என்ன

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கனடா இருமொழி நாடு என்பதற்குக் குடிமக்கள் எல்லாருக்கும் இரு மொழியும் தெரியும் என்று பொருளில்லை. கூட்டாட்சியின் நிறுவனங்கள் இரு மொழியிலும் இயங்க வேண்டும், அவ்வளவுதான். நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் இரு மொழியிலும் பேசலாம் என்று 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 133ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டாட்சி அலுவலகங்களை இருமொழிப்படுத்தியது 1969இன் ஆட்சிமொழிகள் சட்டம். பத்து மாகாணங்களில் சட்டப்படி இருமொழி மாகாணம் நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான். கியூபெக்கின் ஆட்சிமொழி 1974 முதல் பிரெஞ்சு மட்டுமே. 1993 வாக்கில் அங்கே பத்தில் எட்டுப் பேருக்குத் தாய்மொழியும் அதுவாகவே இருந்தது.

இதிலிருந்து இரண்டு வேறு குறைகள் பிறக்கின்றன. ஆங்கிலக் கடலுக்குள் தன் மொழி கரைந்துவிடும் என்பது கியூபெக்கின் பயம். பிரெஞ்சே காதில் விழாத ஆல்பர்ட்டாவில், அரசு வேலையின் மேல்படிக்குப் போகப் பிரெஞ்சு ஏன் தேவை என்பது மேற்கின் எரிச்சல். ஒருவருக்கு மருந்தாகக் கொடுப்பது மற்றவருக்கு நோயாகத் தெரியும். கனடாவின் பிரதமர்கள் எல்லாருமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தாக வேண்டும்.

மல்ரோனி கட்டிய கூட்டு

1982இல் பிரதமர் பியர் ட்ரூடோ அரசியல் சட்டத்தை லண்டனிலிருந்து கனடாவுக்குக் கொண்டுவந்தபோது ஒன்பது மாகாணங்கள் ஒப்பின, கியூபெக் ஒப்பவில்லை. 1981 நவம்பரில் கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் இல்லாத வேளையில், இரவோடு இரவாக மற்றவர்கள் பேசி முடித்தார்கள் என்ற மனக்கசப்பு அங்கே ஆறவே இல்லை. அந்தப் பேச்சில் மத்திய நீதி அமைச்சராக இருந்தவர் ழான் கிரெத்தியென். அவர் பெயர் மீண்டும் வரும்.

கன்சர்வேடிவ் தலைவர் பிரையன் மல்ரோனி இந்தக் கசப்பை வாக்காக மாற்றினார். கியூபெக்கை மானத்தோடு அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவருவேன் என்று வாக்களித்தார். 1984இல் கியூபெக்கின் 75 இடங்களில் 58, 1988இல் 63 அவர் கட்சிக்குக் கிடைத்தன. கியூபெக்கின் தேசியவாதிகளும் ஆல்பர்ட்டாவின் சிறு அரசு ஆதரவாளர்களும் ஒரே கட்சியில் அமர்ந்தார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தவை ட்ரூடோ மீதான வெறுப்பும், 1988இல் அமெரிக்காவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தமும். மொழி விஷயத்தில் இவர்கள் எதிரெதிர்.

முதல் கீறல் 1986 அக்டோபரிலேயே விழுந்தது. சிஎஃப்-18 போர் விமானங்களின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வின்னிபெக்கின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் குறைந்த விலை கேட்டிருந்தது. தொழில்நுட்ப மதிப்பீட்டிலும் அதுதான் முன்னே. அரசு மான்ட்ரியலின் கனடேர் நிறுவனத்துக்குக் கொடுத்தது. மறு ஆண்டே அதே வின்னிபெக்கில் பிரெஸ்டன் மேனிங் தலைமையில் ரிஃபார்ம் கட்சி பிறந்தது. 'மேற்கு உள்ளே வர விரும்புகிறது' என்பது அதன் முழக்கம். பிரிந்து போவது அதன் நோக்கமில்லை. கியூபெக்குக்குத் தனிச் சலுகை கூடாது என்பதே அதன் உயிர்நாடி.

பொட்டலமும் கெடுவும்

1985 டிசம்பரில் கியூபெக்கில் மீண்டும் முதல்வரான ரோபேர் பூராசா ஐந்து கோரிக்கைகளை வைத்தார். கியூபெக் ஒரு தனித்துவச் சமூகம் என்ற ஏற்பு, அரசியல் சட்டத் திருத்தங்களில் தடுப்புரிமை, குடியேற்றத்தில் கூடுதல் அதிகாரம், உச்ச நீதிமன்றத்தின் மூன்று கியூபெக் நீதிபதிகள் நியமனத்தில் பங்கு, மாகாணத் துறைகளில் மத்திய அரசு பணம் செலவிடுவதற்கு வரம்பு. பிரிவினை கேட்ட மாகாணத்திடமிருந்து வந்தவை என்று பார்த்தால் இவை மிதமான கோரிக்கைகள். 1987 ஏப்ரல் 30 அன்று ஒட்டாவாவுக்கு அருகே மீச் ஏரிக்கரை மாளிகையில் பிரதமரும் பத்து முதல்வர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஜூனில் வாசகம் இறுதியானது.

இங்கேதான் வடிவமைப்புப் பிழை. 1982 சட்டப்படி திருத்தத்துக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பொது வழியில் நாடாளுமன்றமும், மொத்த மக்கள்தொகையில் பாதியாவது கொண்ட ஏழு மாகாணங்களும் ஒப்பினால் போதும். ஆனால் முதல் தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். இரண்டாம் வழி திருத்த விதியையே மாற்றுவது, உச்ச நீதிமன்றத்தின் அமைப்பை மாற்றுவது போன்றவற்றுக்கானது. பத்து மாகாணங்களும் ஒப்ப வேண்டும். ஆனால் காலக்கெடு கிடையாது.

மீச் உடன்படிக்கையில் இரண்டு வகை விஷயங்களும் இருந்தன. அவற்றை ஒரே தீர்மானமாகக் கட்டியதால் இரண்டு வழிகளின் கடுமையும் சேர்ந்து வந்தன: பத்துக்குப் பத்து ஒப்புதலும் வேண்டும், மூன்று ஆண்டுக் கெடுவும் உண்டு. கியூபெக் சட்டமன்றம் 1987 ஜூன் 23 அன்று முதலில் நிறைவேற்றியது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. முடிவு நாள் 1990 ஜூன் 23.

தனித்துவச் சமூகம், குடியேற்றம், செலவு வரம்பு ஆகியவற்றை ஒரு தீர்மானமாகவும் மற்றவற்றை இன்னொன்றாகவும் பிரித்திருந்தால் முதலாவது ஏழு மாகாண ஆதரவோடு பிழைத்திருக்கும். பிரிக்காததற்கும் காரணம் உண்டு. பிரித்தால் ஒவ்வொரு மாகாணமும் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும் என்று பேரம் பேசியவர்கள் அஞ்சினார்கள். அஞ்சியது தவறில்லை. ஆனால் மூன்று ஆண்டு என்பது கனடாவில் நீண்ட காலம். அதற்குள் மாகாணத் தேர்தல்கள் வரும், கையெழுத்திட்டவர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படித்தான் ஆனது. 1987 அக்டோபரில் நியூ பிரன்ஸ்விக்கில் ஃபிராங்க் மெக்கென்னா 58 இடங்களையும் முழுசாக அள்ளினார். 1988இல் மனிடோபாவில் கேரி ஃபில்மன் சிறுபான்மை அரசு அமைத்தார். 1989இல் நியூஃபவுண்ட்லாந்தில் க்ளைட் வெல்ஸ் வந்தார். மீச் ஏரிக்கரையில் இந்த மூவருமே இருக்கவில்லை. முன்பே நிறைவேறிய தீர்மானத்தை நியூஃபவுண்ட்லாந்து 1990 ஏப்ரலில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கடைப் பலகை

மீச் உடன்படிக்கையின் கதையைக் கடைப் பலகை இல்லாமல் சொல்ல முடியாது. 1977இன் 101ஆம் சட்டம் கியூபெக்கில் வணிகப் பலகைகள் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியதும் இதே சட்டம்தான். மான்ட்ரியலில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று மூன்றோடு திரிவது இதனால்தான்.

பலகை விதியை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் மான்ட்ரியலின் மேற்குப் புறநகரில் கம்பளிநூல் விற்ற ஒரு சிறு கடையும் இருந்தது. பலகையில் 'லேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பக்கத்தில் 'வுல்' என்றும் எழுதியிருந்தார்கள். 1988 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி இருக்க வேண்டும் என்று கேட்கலாம், மற்ற மொழிகளை அடியோடு தடுப்பது கருத்துரிமைக்கு எதிரானது.

நீதிமன்றமே வழியைக் கையில் கொடுத்திருந்தது. பூராசா அதை எடுக்கவில்லை. தெருவில் தேசியவாதிகளின் அழுத்தம் அப்படி. 178ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தார். கடைக்கு வெளியே பிரெஞ்சு மட்டும், உள்ளே வேண்டுமானால் பிற மொழியும் சேரலாம். இது நீதிமன்றத்தில் மீண்டும் விழாமலிருக்க 1982 அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தினார். உரிமைப் பட்டயத்தின் சில பகுதிகளுக்கு மாறாக இருந்தாலும் தன் சட்டம் செல்லும் என்று ஒரு சட்டமன்றம் ஐந்து ஆண்டுகளுக்கு அறிவிக்க இடம் தரும் பிரிவு அது.

அவருடைய அமைச்சரவையிலிருந்து ஆங்கிலம் பேசும் மூன்று அமைச்சர்கள் விலகினார்கள். மாகாணத்துக்கு வெளியே விளைவு இன்னும் பெரியது. மீச் தீர்மானத்தை ஃபில்மன் மனிடோபா சட்டமன்றத்திலிருந்து திரும்பப் பெற்றார். அதுவரை 'தனித்துவச் சமூகம்' என்றால் என்ன என்று ஆங்கிலக் கனடாவில் பலருக்குப் புரியாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் கையில் ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது: ஆங்கிலப் பலகையைக் கழற்றச் சொல்லும் அதிகாரம். சட்ட நுணுக்கப்படி இது தவறான புரிதல், ஏனென்றால் 178ஆம் சட்டத்துக்கு மீச் உடன்படிக்கை தேவையே இல்லை. 1982 சட்டத்தில் ஏற்கெனவே இருந்த 33ஆம் பிரிவே போதுமாக இருந்தது. ஆனால் அரசியலில் சட்ட நுணுக்கத்தை யார் கேட்கிறார்கள்?

அதன்பின் இரு பக்கமும் பதிலுக்குப் பதில். 1989இல் ஒண்டாரியோவின் பிராக்வில்லில் சிலர் கியூபெக் கொடியைக் காலால் மிதித்தார்கள். அந்தக் காட்சியைக் கியூபெக் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. 1990 ஜனவரியில் ஒண்டாரியோவின் சூ செயின்ட் மேரி நகரமன்றம் தன்னை ஆங்கிலம் மட்டுமே என்று அறிவித்துக்கொண்டது. இவற்றில் எதற்கும் அரசியல் சட்டத்தில் இம்மியளவு பலன் கிடையாது. கெடு நெருங்கும் நேரத்தில் இவைதான் மக்கள் மனத்தில் நின்றன.

1990 ஜூன்

மே மாதத்தில் ழான் ஷாரே தலைமையிலான நாடாளுமன்றக் குழு, மீச் உடன்படிக்கைக்கு ஒரு துணைத் தீர்மானத்தைப் பரிந்துரைத்தது. மறுப்பவர்களைச் சமாதானப்படுத்துவதே நோக்கம். கியூபெக்கில் அது உடன்படிக்கையை நீர்த்துப்போகச் செய்வதாகப் பட்டது. மல்ரோனியின் கல்லூரிக் காலத்து நண்பர், அவரே பாரிஸ் தூதராக்கி, பின் அமைச்சராகவும் ஆக்கிய லூசியான் பூஷார் அமைச்சரவையிலிருந்தும் கட்சியிலிருந்தும் விலகினார்.

ஜூன் தொடக்கத்தில் ஒட்டாவாவில் முதல்வர்களை ஒரு வாரம் அடைத்துவைத்ததுபோலப் பேச்சு நடந்தது. ஒருவழியாகக் கையெழுத்தும் ஆனது. அதற்குப் பிறகு மல்ரோனி ஒரு நாளிதழ் நேர்காணலில், கூட்டத்தைக் கடைசி நேரத்துக்குத் தள்ளி வைத்ததையும் பகடை உருட்டியதையும் தன் உத்தியாகவே பெருமையாகச் சொல்லிவிட்டார். மறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமான ஆயுதம்.

நியூ பிரன்ஸ்விக் ஜூன் 15 அன்று நிறைவேற்றிவிட்டது. மிச்சம் இரண்டு. மனிடோபாவின் சட்டமன்ற விதிப்படி முன்னறிவிப்பும் பொது விசாரணையும் வேண்டும். நாள் போதாததால் அவையின் ஏகமனதான அனுமதியோடு அவற்றைத் தாண்ட வேண்டியிருந்தது. பழங்குடி உறுப்பினரான எலைஜா ஹார்ப்பர் கையில் கழுகு இறகோடு எழுந்து, ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றார். நாட்டை நிறுவியவர்கள் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டுமே என்ற பேச்சில் தன் மக்களுக்கு இடமே இல்லை என்பது அவருடைய மறுப்பு. மொழிச் சண்டையில் இரு தரப்பும் மறந்திருந்த மூன்றாவது ஒருவர் வந்து கதவைச் சாத்தினார். பின்னாளில், 1993இல் இதே ஹார்ப்பர் லிபரல் உறுப்பினராக ஒட்டாவாவுக்கு வந்தார்.

மனிடோபாவில் நின்றுவிட்டதும் நியூஃபவுண்ட்லாந்து சட்டமன்றமும் வாக்கெடுக்காமல் ஒத்திவைத்தது. ஜூன் 23 அன்று உடன்படிக்கை காலாவதியானது. அதே நாளில் கால்கரியில் நடந்த மாநாட்டில் லிபரல் கட்சியின் தலைவராகத் தேர்வானவர், 1981 இரவுப் பேச்சின் கிரெத்தியென். கியூபெக் தொலைக்காட்சியில் இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து ஓடின. லிபரல் உறுப்பினர்கள் இருவர் வெளியேறி, கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து விலகியவர்களோடு பூஷாரின் பின்னால் சேர்ந்தார்கள். அவர் தலைமையில் உருவான கட்சிதான் பிளாக் கெபெக்வா. ஆகஸ்ட் 13 அன்று மான்ட்ரியலின் லோரியே–சேந்த் மரி இடைத்தேர்தலில் அதன் வேட்பாளர் ஜில் டுசெப் வென்றார். கட்சி இன்னும் பதிவாகாததால் வாக்குச்சீட்டில் அவர் சுயேச்சைதான்.

இரண்டாவது பொட்டலம்

படித்த பாடம் என்று நினைத்து மல்ரோனி இரண்டாம் முறை இன்னும் பெரிய பொட்டலம் கட்டினார். 1992 அக்டோபர் 26க்குள் தன் எதிர்காலம் குறித்து வாக்கெடுப்பு நடத்துவதாகக் கியூபெக் சட்டமே போட்டிருந்தது; அந்த நாளையே எல்லாருக்கும் கெடுவாக வைத்துக்கொண்டார்கள். சார்லட்டவுன் உடன்படிக்கை என்ற இந்தப் பொட்டலத்தில் தனித்துவச் சமூகம், பழங்குடித் தன்னாட்சி, மேற்கு கேட்ட செனட் சீர்திருத்தம், மக்கள்தொகை எவ்வளவு குறைந்தாலும் மக்களவையில் கியூபெக்குக்கு 25 சதவீத இடம் என்று எல்லாருக்கும் ஒரு பங்கு இருந்தது. எல்லாருக்கும் ஒரு பங்கு இருந்தால் எல்லாருக்கும் மறுக்க ஒரு காரணமும் இருக்கும்.

அக்டோபர் 26 அன்று நாடு முழுக்க மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. கியூபெக்கில் 56.7 சதவீதம், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 68 சதவீதத்துக்கு மேல் 'வேண்டாம்'. நாடு முழுவதும் கூட்டினால் 55 சதவீதம். கியூபெக்கில் கொடுத்தது போதவில்லை என்றார்கள், மேற்கில் கொடுத்தது அதிகம் என்றார்கள். ஓர் ஆண்டு கழித்துத் தேர்தலில் வரப்போகும் வரைபடம் அந்த இரவே ஏறக்குறைய வரையப்பட்டுவிட்டது. கன்சர்வேடிவ் கட்சியின் உத்தி வகுப்பாளர்கள் அதைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். தலைவரை மாற்றினால் போதும் என்றே முடிவெடுத்தார்கள். 1993 ஜூன் 25 அன்று கேம்பல் பிரதமரானார்.

வாக்கு எப்படி இடமானது

பொருளாதாரம் மோசமாக இருந்தது. வேலையின்மை, நிதிப் பற்றாக்குறை, 1991இல் வந்த ஏழு சதவீதச் சரக்கு–சேவை வரி எல்லாமே ஆளுங்கட்சிக்கு எதிராக நின்றன. தோல்வி நிச்சயம். ஆனால் தோல்வியும் இரண்டு இடமும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை விளக்க வாக்கு எண்ணும் முறைக்குத்தான் போக வேண்டும்.

இந்தியாவைப்போலவே கனடாவிலும் ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கே இடம். பாதிக்கு மேல் வேண்டியதில்லை. இந்த முறை ஒரே பகுதியில் குவிந்த வாக்குக்குப் பரிசளிக்கும்; பரவிக் கிடக்கும் வாக்கைத் தண்டிக்கும். நாடு முழுக்கக் கன்சர்வேடிவ் கட்சி பெற்றது 21.9 லட்சம் வாக்குகள், 16 சதவீதம். பிளாக் பெற்றது 18.5 லட்சம், 13.5 சதவீதம். குறைவாக வாங்கியவருக்கு 54, அதிகமாக வாங்கியவருக்கு 2. ஓர் இடத்துக்குப் பிளாக் செலவிட்டது சுமார் 34,000 வாக்கு. லிபரல் கட்சி சுமார் 32,000. ரிஃபார்ம் சுமார் 49,000. புதிய ஜனநாயகக் கட்சி ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். கன்சர்வேடிவ் கட்சிக்கு ஓர் இடத்தின் விலை பத்து லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கும் மேல்.

வாக்கு விகிதப்படியே 295ஐப் பங்கிட்டிருந்தால் லிபரல் 122, ரிஃபார்ம் 55, கன்சர்வேடிவ் 47, பிளாக் 40, புதிய ஜனநாயகக் கட்சி 20 என்ற அளவில் வந்திருக்கும். பிரிவினைக் கட்சி நான்காம் இடத்தில் இருந்திருக்கும். லிபரல் கட்சிக்குப் பெரும்பான்மையே இருந்திருக்காது. பிளவு அப்போதும் இருந்திருக்கும், ஆனால் வேறு உருவத்தில்.

கியூபெக்கில் பிளாக்கின் பங்கு 49 சதவீதம். 75 இடங்களில் 54 அதற்குப் போயின. மிஞ்சியதில் லிபரல் 19, ஷாரே ஒருவர், போஸ் தொகுதியின் சுயேச்சை ஒருவர். லிபரல் வென்றவை பெரும்பாலும் மான்ட்ரியல் தீவிலும் மேற்குக் கியூபெக்கிலும், ஆங்கிலம் பேசுவோரும் குடியேறியவர்களும் நிறைந்த தொகுதிகள். பிரெஞ்சு வாக்காளர் மட்டும் என்று பார்த்தால் பிளாக்கின் வெற்றி இன்னும் ஆழமானது. தானும் கியூபெக்காரரான கிரெத்தியெனுக்குத் தன் சொந்த மாகாணத்தில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு வாக்குதான்.

மேற்கில் ரிஃபார்ம் ஆல்பர்ட்டாவின் 26இல் 22ஐயும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் 32இல் 24ஐயும் எடுத்தது. ஒண்டாரியோவில்தான் கணக்கு கிழிந்தது. அங்கே ரிஃபார்மும் கன்சர்வேடிவும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு பெற்றும் இருவருக்கும் சேர்த்து ஒரே இடம், சிம்கோ சென்டர். மற்ற 98ம் லிபரலுக்கு. அந்த மாகாணத்தில் ரிஃபார்ம் இன்னும் மூன்று தொகுதிகளைப் பிடித்திருந்தால் எதிர்க்கட்சித் தலைவர் பூஷாராக இருந்திருக்க மாட்டார், மேனிங்காக இருந்திருப்பார்.

பிளாக்குக்குச் சாதகமான இன்னொரு விதியும் இருந்தது, அதிகம் பேசப்படாதது. அன்றைய சட்டப்படி ஒரு கட்சி பதிவாக 50 வேட்பாளர்கள் தேவை. ஒரே மாகாணத்தில் 50ஐத் தாண்டும் தொகுதிகள் ஒண்டாரியோவிலும் கியூபெக்கிலும் மட்டுமே. ஆல்பர்ட்டாவுக்கு மட்டும் என்று ஒரு கட்சி தொடங்கினால் அது பதிவாகியே இருக்காது.

தலைவர்கள் விவாதமும் இருமொழி நாட்டின் தனி வழக்கம்: பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. 1993இல் அக்டோபர் 3, 4. மேனிங் பிரெஞ்சில் விவாதிக்க முடியாதவர். அதனால் அவருக்கு இழப்பும் இல்லை, கியூபெக்கில் அவருக்கு வேட்பாளரே இல்லையே. பூஷாருக்கு ஆங்கில விவாதத்தில் வாக்குச் சேர்க்க ஒருவரும் இல்லை. இருந்தும் அங்கேதான் பற்றாக்குறையின் உண்மை எண்ணைச் சொல்லும்படி கேம்பலைத் துளைத்தெடுத்தார். இழக்க எதுவுமில்லாத ஆங்கில மேடையில் பேசியது மறுநாள் பிரெஞ்சுச் செய்தியில் அவருக்கு வாக்காக வந்தது. இரு மொழியிலும் இழக்க நிறைய இருந்தது ஆளுங்கட்சிக்கு.

அவைக்குள்

எதிர்க்கட்சி என்பது வெறும் பட்டமில்லை. கேள்வி நேரத்தில் முதல் கேள்வி, ஆய்வுக்கான நிதி, பொதுக்கணக்குக் குழுவின் தலைமை, ஸ்டோர்னவே என்ற அரசு இல்லம் எல்லாம் அதற்கு உண்டு. பூஷார் இல்லத்தை மட்டும் ஏற்கவில்லை. மற்றவற்றை முழுதாகப் பயன்படுத்தினார். 1994இல் எதிர்க்கட்சித் தலைவராகவே வாஷிங்டனுக்கும் பாரிசுக்கும் போய் வந்தார். பன்னிரண்டு இடம் இல்லாத கட்சிக்கு அவையில் கட்சி அந்தஸ்தே கிடையாது. கன்சர்வேடிவும் ஒன்பது இடம் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சியும் பின்வரிசையில் ஒடுங்கின. நாள்தோறும் முதல் கேள்வி கியூபெக்கைப் பற்றியே எழுந்தது. மேற்கில் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ரிஃபார்ம் பக்கம் இன்னும் இறுகினார்கள்.

1994 செப்டம்பரில் கியூபெக்கில் பிரிவினை ஆதரவுக் கட்சியின் ழாக் பாரிசோ முதல்வரானார். கியூபெக் பிரிவது குறித்த 1995 அக்டோபர் 30இன் வாக்கெடுப்பில் 93.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 'வேண்டாம்' 50.58, 'வேண்டும்' 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. செல்லாத வாக்குகள் அதைவிட அதிகம், 86,501. பணத்தாலும் இன வாக்குகளாலும் தோற்றோம் என்று பாரிசோ அன்றிரவு சொன்னது, குடியேறியவர்களின் வீடுகளில் இன்னும் மறக்கப்படவில்லை. மான்ட்ரியல் தமிழர் வீடுகளும் அதில் சேர்த்தி.

1997 தேர்தலில் பிளாக் 44ஆகக் குறைந்து, ரிஃபார்ம் 60 இடங்களுடன் எதிர்க்கட்சியானது. பிளந்த வலதுசாரி வாக்கு, 2003இல் கன்சர்வேடிவ் கட்சியும் ரிஃபார்மின் வாரிசுக் கட்சியும் இணையும்வரை ஒண்டாரியோவை லிபரல் கோட்டையாகவே வைத்திருந்தது.

கம்பளிக் கடைப் பலகைக்கு என்ன ஆயிற்று? 178ஆம் சட்டத்தைக் காத்த 33ஆம் பிரிவின் ஐந்து ஆண்டு ஆயுள் 1993 டிசம்பரில் முடியவிருந்தது. அதை நீட்டித்திருக்கலாம், பூராசா நீட்டிக்கவில்லை. 1993 ஜூனில் கியூபெக் சட்டமன்றம் 86ஆம் மசோதாவை நிறைவேற்றியது: பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி இருந்தால் பிற மொழியும் பலகையில் இருக்கலாம். 1988இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அப்படியே அதுதான். ஒட்டாவாவின் ஒப்புதல் தேவைப்படவில்லை, மற்ற ஒன்பது மாகாணங்களின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. பிளாக் 54 தொகுதிகளை வென்றது அதற்கு நான்கு மாதம் கழித்து.